ஆகட்டும் அண்ணனும் எழும்பாத கிளட்சும்

அவருக்குப் பெற்றோர் வைத்த பெயர் ஒன்று இருக்கத்தான் செய்தது. அது வங்கிப் புத்தகத்திலும் மின்சார ரசீதிலும் மட்டும் உயிரோடு இருந்தது. மற்ற எல்லோருக்கும் அவர் ஆகட்டும் அண்ணன். யார் எந்த வண்டியைக் கொண்டுவந்து நிறுத்தினாலும், எவ்வளவு அவசரமாகக் கேட்டாலும், முடியாது என்ற சொல் அவர் வாயில் வராது. ஸ்பேனரைக் கீழே வைக்காமலே "ஆகட்டும்" என்பார். வந்தவர் சாவியை ஆணியில் மாட்டிவிட்டுப் போய்விடுவார். சில நாள் அந்த ஆணியில் ஏழு சாவிகள் தொங்கும்.

பழைய மரக்கடைக்குப் பின்னால் இரண்டு வண்டி நிற்கிற அளவுக்கு ஒரு தகரக் கொட்டகை. அதுதான் அவருடைய பட்டறை. அங்கே அவர் கார் மெக்கானிக்காக இருபத்தேழு வருஷம் தள்ளிவிட்டார். அதில் பதினெட்டு வருஷம் தனியாக இல்லை. மனைவியின் தம்பி கூடவே இருந்தான். இவர் பானெட்டுக்குள் குனிந்தால் மச்சினன் வண்டிக்கு அடியில் படுத்திருப்பான். இருவரும் நாள் முழுக்கப் பேசிக்கொள்வது பத்து வார்த்தைக்கு மேல் இருக்காது. பதினாலாம் நம்பர் ஸ்பேனர் வேண்டும் என்றால் கையை நீட்டினால் போதும், அது வந்துவிடும்.

நாலு மாதத்துக்கு முன்னால் மச்சினனுக்கு பஸ் டிப்போவில் வேலை கிடைத்தது. எட்டு மணி நேரம், உட்கார நாற்காலி, வாரத்துக்கு ஒரு நாள் லீவு. சொல்ல வந்தவன் கொட்டகை வாசலில் நின்று செருப்பால் மண்ணைக் கீறிக்கொண்டே இருந்தான்.

"மாமா, எனக்கும் நாப்பத்தஞ்சு ஆச்சு. முதுகு போயிடுச்சு. உங்களுக்கும்தான் போயிடுச்சு, நீங்க ஒத்துக்க மாட்டீங்க."

"ஆகட்டும் மாப்ளே," என்றார் இவர். அவன் சாமான் பையைத் தூக்கி வண்டியில் வைத்துக் கட்டிக் கொடுத்ததும் இவர்தான்.

அன்றிலிருந்து இரண்டு ஆள் வேலை ஒரு ஆள் தலையில் விழுந்தது. வேலையைக் குறைக்கலாம் என்று அவருக்குத் தோன்றவே இல்லை. காலை ஏழு மணிக்குத் திறந்தால் பொழுது சாய்கிற வரை குனிந்த தலை நிமிராது. ஐம்பத்தேழு வயதில் உடம்பு கணக்குக் கேட்க ஆரம்பித்தது. ஷூ கயிற்றைக் கட்ட ஸ்டூலில் உட்காருவார். கயிறு கையில் இருக்கும், பத்து நிமிஷம் போயிருக்கும். சாப்பாட்டுத் தட்டில் கையை வைத்தபடியே கண் சொருகும்.

மனைவி ஒரு ஆஸ்பத்திரிச் சலவைக் கூடத்தில் படுக்கை விரிப்புகளை எண்ணி அடுக்கும் வேலை பார்த்தாள். அவளுக்கும் நாள் முழுக்க நின்ற காலும் குனிந்த முதுகும்தான். "வீட்ல ரெண்டு பேரும் தட்டுக்கு முன்னால தூங்கி வழியிறோம். பாக்குறவங்க சோத்துல மயக்க மருந்து போட்டாங்கன்னு நினைப்பாங்க," என்று சொல்லிச் சிரிப்பாள். சிரித்த வேகத்திலேயே கொட்டாவியும் வந்துவிடும்.

அவரிடம் வருகிற வண்டிகளில் ஓயாமல் வருவது டிரைவிங் டீச்சருடைய வெள்ளைக் கார். கூரையில் சிவப்பு எழுத்துப் பலகை மாட்டிய சின்ன வண்டி. அந்த அம்மாவுக்கு நாற்பத்தெட்டு வயது. பதினாறு வருஷமாக ஒரே இருக்கையில் உட்கார்ந்து, "மெதுவா விடு, மெதுவா விடு" என்று கத்திக் கத்தித் தொண்டை கரகரவென்று ஆகிவிட்டது. போனில் முதல்முறை பேசுகிறவர்கள் "சார்" என்பார்கள். அவர் திருத்துவதை விட்டு வெகுநாளாகிறது.

பழகுகிறவர்கள் ஓட்டும் வண்டியில் கிளட்ச் படுகிற பாடு சொல்லி மாளாது. கை தேர்ந்தவர் ஒரு தெருவைக் கடக்க ரெண்டு தடவை மிதித்தால், புதியவர் இருபது தடவை மிதிப்பார். பாதி மிதியில் காலை வைத்துக்கொண்டே தெருவெல்லாம் போவார். கிளட்ச் தட்டு தேய்ந்து இதற்குள் இரண்டு முறை மாற்றியாயிற்று. ஆகட்டும் அண்ணன் அந்த வண்டியின் சத்தத்தை வைத்தே, உள்ளே ஓட்டுகிறவர் எத்தனையாவது நாள் வகுப்பு என்று சொல்லிவிடுவார்.

அந்தத் தடவை வந்தது வேறு கோளாறு. கிளட்சை மிதித்தால் சேற்றில் கால் வைத்த மாதிரி நழுவியது. அந்தக் காரில் மிதிகட்டைக்கும் கிளட்சுக்கும் நடுவில் கம்பி கிடையாது, பிரேக் ஆயில்தான். மிதித்தால் மேல் சிலிண்டர் ஆயிலைத் தள்ளும். அது குழாய் வழியாகப் போய் கியர் பெட்டிக்குப் பக்கத்தில் இருக்கும் கீழ் சிலிண்டரைத் தள்ளும். அந்த சிலிண்டர் கிளட்சை விலக்கும். கீழ் சிலிண்டரில் ஆயில் கசிந்து தூசியோடு அப்பியிருந்தது. உள்ளே இருக்கும் ரப்பர் வாஷர் தேய்ந்துவிட்டது. பெரிய விஷயம் ஒன்றும் இல்லை. புதுச் சிலிண்டர் வாங்கி மாட்டினார்.

மாட்டினால் மட்டும் போதாது. குழாய்க்குள் புகுந்த காற்றை வெளியே எடுக்க வேண்டும். ஒருவர் மிதிக்க வேண்டும், இன்னொருவர் கீழே காற்று விடும் சின்ன நிப்பிள் திருகைத் திறந்து மூட வேண்டும். மச்சினன் இல்லாததால் சாயங்காலம் வேலை முடிந்து வந்த மனைவி பையைக்கூட இறக்காமல் டிரைவர் இருக்கையில் உட்கார்ந்தாள்.

"அழுத்து," என்றார் அடியிலிருந்து.

"அழுத்திட்டேன்."

"பிடிச்சுக்க." நிப்பிளைத் திறந்தார், குமிழி குமிழியாக வந்தது, மூடினார். "விடு."

இப்படி முப்பது தடவை. பானெட்டுக்குள் இருந்த தொட்டியில் ஆயில் குறையக் குறைய எழுந்துபோய் அலமாரியில் இருந்த பாட்டிலை எடுத்து ஊற்றிவிட்டு வந்து படுத்தார். ஒவ்வொரு முறை எழும்போதும் முட்டி கடக்கென்றது. கடைசியில் மிதி கெட்டியாக நின்றது. காலையில் டீச்சர் வந்து மிதித்துப் பார்த்து, "பஞ்சு மாதிரி இருந்தது இப்ப கல்லு மாதிரி ஆயிடுச்சுண்ணே" என்று சந்தோஷமாக ஓட்டிக்கொண்டு போனார்.

பன்னிரண்டாம் நாள் காலை எட்டு மணிக்கு அந்த வண்டி மறுபடி வாசலில் வந்து நின்றது. டீச்சர் இறங்கும்போதே பேசிக்கொண்டுதான் இறங்கினார்.

"அண்ணே, மிதிச்சா கீழயே நிக்குது. ஷூ நுனியால தூக்கி விட்டாத்தான் மேல வருது. நேத்து ஒரு பொண்ணு சிக்னல்ல நடு ரோட்ல நிறுத்திடுச்சு. அது அழுவுது. பின்னாடி இருக்கிறவன் எல்லாம் ஹாரன் அடிக்கிறான். நான் இறங்கிப்போய் எத்தனை பேர்கிட்ட கெஞ்சுறது?"

புதுச் சிலிண்டரே கோளாறு என்றுதான் அவருக்கு முதலில் தோன்றியது. கழற்றிப் பிரித்தார். பிரித்ததும் கை நின்றுவிட்டது. பன்னிரண்டு நாள் முன்னால் மாட்டிய புது வாஷர், தண்ணீரில் கிடந்த பட்டாணி மாதிரி ஊதியிருந்தது. நகத்தால் அழுத்தினால் பள்ளம் விழுந்தது. அது சிலிண்டருக்குள் இறுகி நகர முடியாமல் நின்றிருக்கிறது. அதனால்தான் மிதி எழவில்லை. ரப்பர் தேயலாம், கிழியலாம். ஊதுவதற்கு ஒரே ஒரு காரணம்தான் உண்டு.

"பிரேக் ஆயில் தொட்டியில யாரோ வேற ஆயில ஊத்தியிருக்காங்க டீச்சர். இஞ்சின் ஆயிலோ என்னவோ. அது பட்டா இந்த ரப்பர் ஊதிடும்."

டீச்சர் ஒரு நிமிஷம் யோசித்தார். பிறகு தொடையில் தட்டினார். "அந்தப் பெட்ரோல் பங்க்காரர்! என்கிட்ட பழக வர்றாரே, அவர். போன வாரம் பானெட்ட திறந்து அத பாக்கிறேன் இத பாக்கிறேன்னு நோண்டிக்கிட்டு இருந்தாரு. நான் போன் பேசிக்கிட்டு இருந்தேன். அவர் வேலையாத்தான் இருக்கும், இல்லண்ணே?"

"இருக்கலாம்," என்றார் ஆகட்டும் அண்ணன்.

உண்மையாகவே அப்படித்தான் நினைத்தார். ஆனால் அந்தச் சொல் நாக்கிலிருந்து அத்தனை சுலபமாக வழுக்கி வந்தது அவருக்கே ஒரு மாதிரி இருந்தது.

அடுத்து என்ன செய்ய வேண்டும் என்று அவருக்குத் தெரியும். அந்த வண்டியில் கிளட்சுக்கும் பிரேக்குக்கும் ஒரே ஆயில் தொட்டி. கிளட்சில் போனது பிரேக்கிலும் போயிருக்கும். எல்லாவற்றையும் பிரித்து, எல்லா ரப்பரையும் மாற்ற வேண்டும். குறைந்தது இரண்டு நாள் வேலை. ஆணியில் ஐந்து சாவிகள் தொங்கின. இடுப்பு, இரவெல்லாம் யாரோ ஏறி மிதித்தது போல வலித்தது.

"எனக்கு பதினோரு மணிக்கு வண்டி வேணும்ணே," என்றார் டீச்சர். "நாளைக்கு நாலு பேருக்கு டெஸ்ட். இன்னிக்கு ஓட்டலைன்னா அத்தனையும் போச்சு."

பிரேக்கை மிதித்துப் பார்த்தார். நன்றாகத்தான் இருந்தது. "ஆகட்டும். இப்போதைக்கு கிளட்சுக்கு மட்டும் வாஷர் மாத்தித் தர்றேன். டெஸ்ட் முடிஞ்சதும் விடுங்க, மொத்தமா பாத்துடலாம்."

தொட்டியில் இருந்ததை ஊசிக் குழாயால் உறிஞ்சி எடுத்துவிட்டு, கடையிலிருந்து வாங்கிவந்த புதுப் பாட்டிலை உடைத்து ஊற்றினார். டீச்சரே உட்கார்ந்து மிதித்தார். பதினோரு மணிக்கு வண்டி போய்விட்டது.

பன்னிரண்டரை இருக்கும். அடுத்த வண்டியைத் தூக்க ஜாக்கியைத் தள்ளினார். பாதி எழுந்து, பெருமூச்சு விட்டதுபோல் மெல்ல இறங்கியது. ஜாக்கியின் உள்ளே ஆயில் குறைந்திருந்தது. அலமாரியைத் துழாவினார். ஜாக்கி ஆயில் எங்கே இருக்கிறது என்று அவருக்குத் தெரியவில்லை. அதெல்லாம் மச்சினன் பார்த்துக்கொண்ட சமாச்சாரம். போன் போட்டார்.

"மாப்ளே, ஜாக்கி ஆயில் எங்கடா வச்ச?"

"மேல் தட்டு, இடது ஓரம் மாமா. டப்பா ஓட்டையாயிடுச்சுன்னு ஒரு காலி பிரேக் ஆயில் பாட்டில்ல ஊத்தி வச்சேன். மூடியில சிவப்பு பெயிண்ட் தடவியிருப்பேன் பாருங்க."

கையை நீட்டி எடுத்தார். மூடியின் விளிம்பில் நகக்கண் அளவுக்குச் சிவப்பு ஒட்டியிருந்தது. மற்றது எல்லாம் எண்ணெய்க் கை பட்டுப் போய்விட்டது. பாட்டில் பாதிக்கு மேல் காலி.

"இதுல எவ்வளவு இருந்துச்சு?"

"முக்கால்வாசிக்கு மேல இருந்துச்சு. ஜாக்கி என்ன குடிக்கவா போகுது, வருஷத்துக்கு ஒரு மூடி போதும். ஏன் மாமா?"

"ஒண்ணுமில்ல. வச்சிடு."

டீக் கிளாசைக் கழுவித் தண்ணீர் பிடித்து, அந்தப் பாட்டிலிலிருந்து இரண்டு சொட்டு விட்டார். பிரேக் ஆயில் என்றால் தண்ணீரோடு கலந்துவிடும். இது கலக்கவில்லை. வட்ட வட்டமாக மேலே மிதந்தது. காலையில் டீச்சர் வண்டியிலிருந்து உறிஞ்சி வைத்திருந்ததிலும் இரண்டு சொட்டு எடுத்து வேறொரு கிளாசில் விட்டார். அங்கேயும் மெல்லிய படலமாக மிதந்தது.

அவர் ஸ்டூலில் உட்கார்ந்தார். அன்று சாயங்காலம் மனைவி மிதிக்க மிதிக்க, அலமாரிக்குப் போய்ப் போய் ஊற்றியது இந்தக் கைதான். பாட்டில் ஒன்று போல இருந்தது, நிறம் ஒன்று போல இருந்தது. மோந்து பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். மூடியைப் பார்த்திருந்தால் தெரிந்திருக்கும். பார்க்கிற நிலையில் அன்று அவர் கண் இல்லை. படுத்தால் போதும் என்று இருந்தது.

யாருக்கும் தெரியாது என்ற எண்ணம் வராமல் இல்லை. வந்தது. பழியைத் தூக்கிக்கொள்ள ஏற்கெனவே ஒருத்தர் இருக்கிறார். வண்டி இரண்டு நாளில் திரும்பி வரும், சத்தமில்லாமல் எல்லாவற்றையும் மாற்றிவிடலாம். இப்படி நினைத்துக்கொண்டே காலையில் கழற்றிய வாஷரை எடுத்துப் பார்த்தார். பன்னிரண்டு நாள். கிளட்ச் வாஷர் இந்தக் கதி என்றால், பிரேக் வாஷர்? காலையில் மிதித்தபோது நன்றாக இருந்தது என்பதற்கு ஒரு அர்த்தமும் இல்லை. கிளட்ச்கூட முந்தின வாரம் வரை நன்றாகத்தான் இருந்தது.

டீச்சருக்குப் போன் போட்டார். அடித்து அடித்து நின்றது. வகுப்பு நடக்கும்போது அவர் போனை எடுக்க மாட்டார். நாலு தடவை போட்டுவிட்டு, கொட்டகையைப் பூட்டி, மொபெட்டை எடுத்தார். லைசன்ஸ் ஆபீசுக்குப் பின்னால் பழகுகிறவர்களுக்கான மைதானம். கால்மணி நேரப் பயணம். வழியெல்லாம் எந்த முனையிலாவது வெள்ளைக் கார் ஒன்று மரத்தில் முட்டிக்கொண்டு நிற்குமோ என்று கண் அலைந்தது.

மைதானத்தில் வண்டி ஓடிக்கொண்டுதான் இருந்தது, இல்லை, ஊர்ந்துகொண்டிருந்தது. இஞ்சின் கத்திய கத்தலுக்கு அது பறந்திருக்க வேண்டும். டீச்சருடைய குரல் வாசல் வரை கேட்டது.

"ஹேண்ட் பிரேக்க விட்டீங்களா?"

"விட்டுட்டேன் மேடம்."

"அப்புறம் ஏன் வண்டி நகரல? கிளட்ச்ல கால வச்சுக்கிட்டே ஓட்டுறீங்களா?"

"இல்ல மேடம், சத்தியமா கால எடுத்துட்டேன்."

ஆகட்டும் அண்ணன் மொபெட்டைப் போட்டது போட்டபடி போட்டுவிட்டு, இரண்டு கையையும் ஆட்டிக்கொண்டு வண்டிக்கு முன்னால் ஓடினார். வண்டி நின்றது. நின்றதைப் பார்த்த பிறகுதான் தான் எங்கே போய் நின்றுகொண்டிருக்கிறோம் என்பது அவருக்கு உறைத்தது.

முன் சக்கரத்துக்குப் பக்கத்தில் கையைக் கொண்டுபோனார். தொட முடியவில்லை, அடுப்பு மாதிரி அனல் அடித்தது. கருகிய வாடை. பிரேக் வாஷரும் ஊதி, மிதிக்காமலே பிரேக் பிடித்துக்கொண்டிருக்கிறது. வண்டி நகராததற்கு ஓட்டுகிறவர்மேல் ஒரு குற்றமும் இல்லை.

ஓட்டும் இருக்கையிலிருந்து இறங்கியவர் பெட்ரோல் பங்க்காரர். ஐம்பதை ஒட்டிய வயது. வேலைச் சட்டையோடே வந்திருந்தார்.

"என்னண்ணே இது, நடுவுல வந்து விழுறீங்க?" என்றார் டீச்சர்.

"வண்டிய ஓட்டாதீங்க டீச்சர். பிரேக்கும் போச்சு. அந்த ஆயில ஊத்துனது இவர் இல்ல. நான்தான்."

"நீங்களா?"

"ஜாக்கி ஆயில், பிரேக் ஆயில் பாட்டில்ல இருந்துச்சு. பாக்காம ஊத்திட்டேன். அன்னிக்கு சிலிண்டர் மாத்தினப்ப."

சூடான சக்கரம் மட்டும் டிக் டிக்கென்று ஆறிக்கொண்டிருந்தது. டீச்சர் மெதுவாகப் பங்க்காரர் பக்கம் திரும்பினார்.

"வண்டில ஏறினப்ப நான் கேட்டதுக்கு நீங்க ஆமான்னு சொன்னீங்களே? தெரியாம ஊத்தியிருப்பேன்னு சொன்னீங்களே?"

பங்க்காரர் சட்டைப் பொத்தானைத் திருகினார். "முதல்ல இல்லைன்னுதான் மேடம் சொன்னேன். நீங்க நம்பல. அரை மணி நேரம் திட்டுனீங்க. நாளைக்கு டெஸ்ட் ஆச்சே, ஓட்ட விடாம போயிடுவீங்களோன்னு ஒத்துக்கிட்டேன்."

ஆகட்டும் அண்ணன் தரையைப் பார்த்தார். அந்த அரை மணி நேரத் திட்டும் தன் வாயில் வந்த ஒரு "இருக்கலாம்" கொண்டுவந்தது என்பது அவருக்குத் தெரிந்தது.

"ஐயா, மன்னிச்சுக்கங்க," என்றார்.

பங்க்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார்.

"காலைல பிரிச்சுப் பாத்தீங்களே," என்றார் டீச்சர். அவர் குரல் உயரவில்லை. கத்தியிருந்தால் தேவலை என்று இருந்தது. "பிரேக்கும் போயிருக்கும்னு அப்பவே தெரியாதா உங்களுக்கு?"

"சந்தேகம் இருந்துச்சு."

"அப்புறம்?"

"ரெண்டு நாள் வேலை டீச்சர். உடம்பு முடியல. அதான் பாக்கல."

டீச்சர் போய் மைதான ஓரத்து மண் மேட்டில் உட்கார்ந்தார். இடது ஷூவைக் கழற்றிவிட்டுப் பாதத்தைப் பிசைந்தார். பதினாறு வருஷமாகப் பக்கத்து இருக்கையில் டீச்சருக்கென்று தனியாக வைத்த மிதிகளை மிதித்த கால் அது. "எனக்கு மட்டும் உடம்பு முடியுதா?" என்று தனக்குள் சொல்லிக்கொண்டார். பிறகு போனை எடுத்து, நாளைக்கு ஒரு வண்டி இரவல் கேட்டு வேறொரு டிரைவிங் ஸ்கூல்காரரிடம் பேச ஆரம்பித்தார்.

வெள்ளைக் காரை ஒரு சின்ன லாரியில் ஏற்றிக்கொண்டு பட்டறைக்கு வந்தார்கள். செலவு முழுவதும் தன்னுடையது என்று ஆகட்டும் அண்ணன் சொன்னார். அதைப் பற்றி அதற்கு மேல் பேச்சு எழவில்லை.

விஷயத்தைக் கேட்டதும் மனைவிக்குச் சுருக்கென்றது. "என் தம்பி செஞ்ச வேலையா இது? பேர் மாத்தி எழுதக்கூடாதா அந்தப் பாட்டில்ல?"

"ஊத்தி வச்சது அவன். எடுத்து ஊத்துனது நான். அவன விடு."

மூன்று நாள் வேலை ஆயிற்று. அந்த ஆயில் தொட்ட ரப்பர் ஒன்றைக்கூட விட்டுவைக்கவில்லை. கிளட்சின் மேல் சிலிண்டர், இரண்டாவது முறையாகக் கீழ் சிலிண்டர், நடுவில் இருக்கும் ரப்பர்க் குழாய், பிரேக்கின் பெரிய சிலிண்டர், நாலு சக்கரத்து வாஷர்கள், குழாய்கள், ஆயில் தொட்டி, அதன் மூடியில் இருந்த ரப்பர் உட்பட. இரும்புக் குழாய்களைக் கழற்றி ஸ்பிரிட் விட்டுக் கழுவி, காற்று அடித்து, வெள்ளைத் துணியில் ஊதிப் பார்த்தார். துணியில் கறை விழுந்தால் மறுபடி கழுவினார். கழற்றிய வாஷர்களை ஒரு மூடியில் வரிசையாக வைத்திருந்தார். எல்லாம் ஊதி, பருத்து, ஒன்றோடு ஒன்று பொருந்தாமல் கிடந்தன.

மூன்றாம் நாள் ஞாயிற்றுக்கிழமை. மனைவிக்கு விடுமுறை. காலையில் இருந்தே மிதிகளுக்கு முன்னால் உட்கார்ந்துவிட்டாள். முதலில் நாலு சக்கரம், அப்புறம் கிளட்ச். பழைய ஆயில் ஒரு சொட்டு இல்லாமல் போகும்வரை மிதிக்க வேண்டும்.

"அழுத்து."

"அழுத்தியாச்சு."

"பிடி."

"பிடிச்சிருக்கேன். நாளைக்கு என் கால் வீங்கிடும். அதுக்கும் யாராவது தப்பான ஆயில் ஊத்துனாங்களான்னு பாத்துச் சொல்லுங்க."

"விடு."

மதியத்துக்கு மேல் வெயில் தகரத்தில் ஏறியது. சக்கரம் நாலும் முடிந்து கிளட்சுக்கு வந்திருந்தார்கள்.

"அழுத்து... பிடி," என்று குரல் வந்தது.

"பிடிச்சிருக்கேன்," என்றாள் மனைவி. கீழே ஒன்றும் அசையவில்லை. "பிடிச்சிருக்கேங்க." கொஞ்சம் பொறுத்து, "ஏங்க, காலு மரத்துப் போச்சு, திறக்கிறீங்களா இல்லியா?"

காலை எடுக்காமல் பக்கவாட்டில் குனிந்து கதவுக்கு வெளியே எட்டிப் பார்த்தாள். வண்டிக்கு அடியிலிருந்து ஒரு காலும், சீரான குறட்டையும் வந்துகொண்டிருந்தன. ஸ்பேனரை நிப்பிளில் மாட்டிப் பிடித்தபடியே மனிதர் தூங்கிப்போயிருந்தார்.

அவள் எழுப்பவில்லை. காலை மெதுவாக எடுத்துக்கொண்டு இறங்கினாள். ஆணியில் தொங்கிய சாவிகளை எண்ணினாள். ஆறு. பெஞ்சில் கிடந்த அவருடைய போனை எடுத்து, சாவிக்காரர்கள் ஒவ்வொருவருக்கும் அங்கேயே நின்று போன் பேசினாள்.

"இல்லைங்க, இந்த வாரம் முடியாது... அடுத்த வாரமும் உறுதி சொல்ல முடியாது... அவருக்கு உடம்பு சரியில்ல. அவசரம்னா வேற இடம் பாத்துக்கங்க... ஆமாங்க, அவர் ஆகட்டும்னுதான் சொல்லியிருப்பாரு. நான் ஆகாதுன்னு சொல்றேன்."

நாலு பேர் சாயங்காலத்துக்குள் வந்து சாவியை வாங்கிக்கொண்டு போனார்கள். அவர் எழுந்தபோது ஆணியில் இரண்டுதான் தொங்கின. என்ன நடந்தது என்று கேட்டார். சொன்னாள். கோபம் வரும் என்று எதிர்பார்த்தாள். அவர் அந்த ஆணியையே கொஞ்ச நேரம் பார்த்துவிட்டு, முகத்தைக் கழுவிக்கொண்டு வந்து மறுபடி அடியில் படுத்தார். "அழுத்து," என்றார்.

திங்கட்கிழமை டீச்சர் வந்து வண்டியை எடுத்தார். மிதித்தார், விட்டார், மிதித்தார். மைதானம் வரை ஓட்டிப்போய்த் திரும்பி வந்து, நாலு சக்கரத்தையும் தொட்டுப் பார்த்தார். ஒன்றும் சுடவில்லை.

"நல்லா இருக்கு," என்றார். கிளம்பும்போது திரும்பினார். "வேற இடத்துக்குப் போலாம்னுதான் நினைச்சேன். எங்க போனாலும் யாரோ ஒருத்தர் பாட்டில எடுத்து ஊத்தத்தான் போறாங்க. நீங்களாவது ஓடி வந்து சொன்னீங்க. ஆனா இனிமே ஆயில் ஊத்துறப்ப நான் பக்கத்துல நிப்பேன்."

சொன்னபடி நிற்கிறார். பாட்டிலைக் கையில் வாங்கி, கண்ணாடியைப் போட்டுக்கொண்டு, மேலே இருப்பதை எழுத்துக்கூட்டிச் சத்தமாகப் படித்து, மூடியைத் திறந்து மோந்து பார்த்துவிட்டுத்தான் தருவார். மற்ற வாடிக்கைக்காரர்கள் முன்னாலும் அப்படித்தான். முதல் தடவை ஆகட்டும் அண்ணனுக்குக் காது மடல் சுட்டது. பிறகு பழகிவிட்டது. ஜாக்கி ஆயில் இப்போது ஒரு மண்ணெண்ணெய்த் தகரத்தில் கொட்டகையின் எதிர்ப்பக்க மூலையில் இருக்கிறது.

பங்க்காரருக்குத்தான் மனம் ஆறவில்லை. இரவல் வண்டியின் கிளட்ச் அவர் காலுக்குப் பிடிபடாமல், மேட்டில் வண்டி பின்னால் உருண்டு, டெஸ்டில் தோற்றுவிட்டார். இரண்டு மாதம் கழித்து, மூன்றாவது தடவையில் தேறினார். ஆகட்டும் அண்ணன் மொபெட்டுக்குப் பெட்ரோல் போடப் போனால் சரியாகத்தான் போடுவார், முகத்தை மட்டும் பார்க்க மாட்டார். வேறு பங்க்கும் பக்கத்தில் உண்டு. ஆனாலும் இவர் அங்கேயே போகிறார். ஒவ்வொரு தடவையும் "வர்றேங்க" என்று சொல்லிவிட்டு வருகிறார்.

புதன்கிழமை மதியத்துக்கு மேல் பட்டறை கிடையாது என்று மனைவி ஒரு அட்டையில் எழுதி மாட்டினாள். முதல் புதன் ஒரு மணிக்குப் பூட்டிவிட்டு வீட்டுக்கு வந்தவர், என்ன செய்வது என்று தெரியாமல் நடு அறையில் நின்றார். குழாய் சொட்டுகிறதா என்று பார்த்தார். சொட்டவில்லை. ஜன்னல் கொக்கியை ஆட்டிப் பார்த்தார். அதுவும் சரியாக இருந்தது. படுக்கையில் சாய்ந்தார்.

மனைவி வேலை முடிந்து வந்து, கைகால் கழுவி, டீ போட்டு எடுத்துக்கொண்டு வந்தபோது ஜன்னலில் வெளிச்சம் மங்கியிருந்தது.

"தூங்குனீங்களா?"

"ம்."

"நாளைக்குக் காலைல டீச்சர் வர்றாங்களாம். போன் பண்ணாங்க. கிளட்ச் தட்டு தேஞ்ச மாதிரி இருக்காம்."

"டீய அங்க வை," என்று சொல்லிவிட்டு அவர் சுவர்ப் பக்கம் திரும்பிப் படுத்தார். "இன்னும் கொஞ்ச நேரம்."